மினுக்கம் அடங்குகிற நேரம்

பிப்ரவரி 5, திங்கள்

பெயிண்ட் கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. கோடு போட்டது என்று சொன்னார்கள். கோட்டைத் தேடிப் பிடித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அச்சடிக்கும்போது மையை மிச்சம் பிடித்துவிட்டார்கள் போல. பரவாயில்லை. வண்டிக்கு மேட் கிளியர், அதாவது மினுங்காத மேல்பூச்சு, அடிக்கிறவள் எழுதி வைக்காமல் முடியாது. வெயில் எப்படி, காற்றில் ஈரம் எப்படி, எதில் எதை எவ்வளவு கலந்தேன், எத்தனை நிமிஷத்தில் மினுக்கம் அடங்கியது, இதெல்லாம் மனசில் நிற்காது.

காலையில் ஒரு வெள்ளை வண்டி வந்தது. ஓட்டி வந்த அம்மா இறங்கி, என்னைத் தாண்டி ஷெட்டுக்குள் பார்த்து, "பெயிண்டர் இல்லையாம்மா?" என்றார். உள்ளே ஒரு கதவின் ஒடுக்கை எடுத்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் சோலைமலை, "இவங்கதாங்க பெயிண்டர். எங்க மதினி" என்றான். பத்தொன்பது வருஷமாக இதையே சொல்கிறான். மேலூர் ரோட்டில் இந்த ஷெட்டைப் போட்டவர்கள் என் வீட்டுக்காரரும் அவனும். இவருக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. லாரி ஓட்டப் போய்விட்டார், இன்றைக்கு நாக்பூர் பக்கம் இருப்பார். பெயிண்ட் படக்கூடாத இடத்தில் பேப்பர் ஒட்டிக் கொடுக்க வந்த நான் அப்படியே பெயிண்ட் பீய்ச்சுகிற ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்துக்கொண்டேன். டிங்கர் வேலை சோலை, பெயிண்ட் வேலை நான். அவன் பேச மாட்டான், நான் அவனுக்கும் சேர்த்துப் பேசுவேன்.

வந்தவர் பெயர் ஹெப்சிபா, கண் டாக்டர். வாரத்தில் நாலு நாள் ஊர் ஊராகக் கேம்ப் போகிறாராம். வண்டியின் வெள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சுற்றிலும் இருக்கிற கருப்பு பிளாஸ்டிக் எல்லாம் வெயிலில் வெந்து சாம்பல் பூத்துவிட்டது. பம்பரின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேல் வருகிற வளைவு, கதவின் கீழ்ப் பட்டை, பக்கக் கண்ணாடியின் மூடி, ஒன்று பாக்கியில்லை. போதாக்குறைக்கு அவருடைய டிரைவர் தேங்காய் எண்ணெய் வேறு தேய்த்திருக்கிறார்.

"பளபளன்னு வேண்டாம்மா. கண்ணுக்குக் கூசாம, புதுசுல இருந்த மாதிரி இருக்கணும்."

"அது மேட்டுங்க. அடிச்சுரலாம்."

"கஷ்டமான வேலையா?"

"பளபளப்புன்னா, தப்பு விழுந்தாலும் மறுநாள் பாலிஷ் போட்டு எடுத்துரலாம். மேட்டுல பாலிஷ் வச்சா வச்ச எடம் மட்டும் மினுங்கும். அதனால விழுந்தது விழுந்ததுதான். ஒரு சின்னக் கோடு விழுந்தாலும் மொத்தத்தையும் தேச்சுட்டு முதல்ல இருந்து அடிக்கணும்."

"உங்களுக்கு நல்லா வருமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மதுரையில் மேட் அடிப்பதற்கு என் பெயரைச் சொல்லித்தான் வண்டியை அனுப்புகிறார்கள். அதை அவரிடம் சொன்னேன். சோலை அந்தக் கதவில் ஓங்கி ஓர் அடி அடித்தான். ஒடுக்கு எடுக்கிற அடி மாதிரி இல்லை அது.

பிப்ரவரி 6, செவ்வாய்

பாகங்களைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவியும் எண்ணெய் போகவில்லை. தின்னர் துணியால் துடைத்து, வாட்டர் பேப்பரில் தேய்த்தேன். பிளாஸ்டிக்கில் எண்ணெய் மிச்சமிருந்தால் பெயிண்ட் பிடிக்காது, மீன் கண் மாதிரி குழிகுழியாக விலகி ஓடும்.

ஷெட்டில் ட்யூப்லைட் கெட்டுவிட்டது. அதைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. சோலையை மாற்றச் சொன்னேன், மாற்றினான். புது லைட்டும் அப்படித்தான் இருக்கிறது. இப்போது வருகிற சாமானில் எதுவுமே தரமில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

நேற்றே பிளாஸ்டிக் பிரைமரும் கருப்பும் அடித்து முடித்துவிட்டேன். இன்று மதியம் மேட் கிளியர். வெயில் இருந்தது, காற்று இல்லை. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். மேட் கிளியர் டப்பாவைக் குலுக்கக் கூடாது, குச்சியால் மெதுவாகக் கிளற வேண்டும். மேட் ஆக்குகிற மாவு அடியில் படிந்து கிடக்கும். அது முழுக்க எழும்பி வந்தால்தான் நிறம் ஒரே மாதிரி விழும். கிளியரை இறுக வைக்கிற ஹார்டனரை அளந்து ஊற்றும்போது அளவுக் கப்பில் போட்டிருக்கிற கோடு சரியாகத் தெரியவில்லை. சோலையைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னேன். கப்பெல்லாம் இப்போது மட்டமாகத்தான் வருகிறது.

கன்னை எடுத்து அதில் மாட்டின கப்பை இரண்டு தட்டுத் தட்டினேன். இது என் பழக்கம், இதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. இடது கீழ் மூலையில் ஆரம்பித்து, போன வரியின் பாதியை அடுத்த வரி மூடுகிற மாதிரி போனேன். முதல் கோட்டிங் விழும்போது எல்லாம் தண்ணீர்போல மினுமினுக்கும். அந்த நேரத்தில் பார்க்கிறவர்கள், இவள் மேட் என்று சொல்லிவிட்டுப் பளபளப்பை அடித்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள்.

அப்புறம்தான் அந்த விஷயம் நடக்கும். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவையும் அலுத்ததில்லை. தோசைக் கல்லில் மாவை ஊற்றியதும் மேலே ஈரம் மினுங்கும், பிறகு ஓரத்திலிருந்து அது அடங்கிக்கொண்டே நடுவுக்கு வரும் இல்லையா, அதே மாதிரி. யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை, அந்த மினுக்கம் மட்டும் தானாகத் தன்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். போன பிறகு கருப்பு மட்டும் நிற்கும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பாமல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அப்போதெல்லாம் கோயிலுக்குள் நிற்பதுபோல இருக்கும். இதைச் சோலையிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் தலையாட்டிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொள்வான்.

முழுக்க அடங்கின பிறகுதான் இரண்டாவது கோட்டிங் அடிக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே அடித்தால் அந்த இடம் திட்டாக மினுங்கும், கோடு விழும். முன்பெல்லாம் எட்ட நின்றே சொல்லிவிடுவேன். இப்போது மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டப் போக வேண்டியிருக்கிறது. கம்பெனிக்காரன் கலவையை மாற்றிவிட்டான் என்று நினைக்கிறேன். அதனால் மனசுக்குள் ஆயிரத்து இருநூறு வரை எண்ணினேன்.

"அடங்கிருச்சாய்யா?"

"இன்னுங் கொஞ்சம் இருங்க மதினி."

இன்னும் முந்நூறு எண்ணிவிட்டு இரண்டாவது கோட்டிங்கை முடித்தேன்.

வேறு வண்டியின் பக்கக் கண்ணாடி மூடி ஒன்று உபரியாகக் கிடந்தது. கை பழக அதையும் சேர்த்து அடித்திருந்தேன். நன்றாக வந்திருந்தது. வீட்டு ஷோகேஸில் வைக்கலாம் என்று சாயங்காலம் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அதக் குடுத்துட்டுப் போங்க மதினி" என்று சோலை பின்னாலேயே வந்தான். "காலையில இன்னொரு கோட்டிங் போட்டுக்கலாம்."

"எதுக்கு? நல்லாத்தான இருக்கு. டிங்கருக்கு என்ன தெரியும் இதப் பத்தி?"

அவன் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஒன்பது மணிக்குப் போனேன். பாகங்கள் எல்லாம் சுவர் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கிட்டப் போய் உள்ளங்கையை வைத்தேன். சொன்னால் நம்ப மாட்டார்கள், அப்படியே பட்டு. ஒரு துளி தூசி இல்லை. கைக்கு எங்கும் ஏற்ற இறக்கம் தட்டவில்லை. ரொம்ப நேரம் நின்றேன். ஐம்பத்திரண்டு வயசில், கன்னைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறின இந்தக் கையில் இன்னும் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. சோலை பார்த்துவிடக் கூடாதென்று தின்னர் நெடி என்று சொன்னேன்.

அவன் எனக்கு முந்தியே வந்து தரைக்குத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தான். கன்னுக்குக் காற்றுத் தருகிற கம்ப்ரஸர் சூடாக இருந்தது, டயருக்குக் காற்றுப் பிடித்தானாம். மேட் கிளியர் டப்பாவைத் தூக்கினால் லேசாக இருக்கிறது. கடைக்காரர் குறைவாக நிரப்பி ஏமாற்றுகிறார், நேரில் போய்க் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 10, சனி

டாக்டர் வந்தார். வண்டியைப் பார்த்ததும் கைப்பையைத் தரையிலேயே வைத்துவிட்டுக் குனிந்து, சக்கர வளைவு ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். "கம்பெனியில இருந்து வரும்போதுகூட இப்படி இல்லம்மா" என்றார். எனக்கு ஓர் அடி உயரம் கூடிவிட்டது.

பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தேன்.

"வெளிச்சத்துல நிக்க சிரமமா இருக்காம்மா?"

"யாருக்குங்க இந்த வெயில்ல நிக்கப் பிடிக்கும்?"

"அந்த ட்யூப்லைட்டச் சுத்தி வளையம் எதுவும் தெரியுதா?"

"லைட்டு அப்படிங்க. மட்டமான சரக்கு."

அவர் லைட்டைப் பார்த்தார், சோலையைப் பார்த்தார். சோலை தரையைப் பார்த்தான். "ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வாங்க, சும்மா பாத்துருவோம்" என்று சொல்லிக் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கண் டாக்டருக்குப் பார்க்கிறவர்கள் எல்லாம் கண் நோயாளியாகத்தான் தெரிவார்கள். எனக்கு வண்டியைப் பார்த்தால் ஒடுக்கு தெரிகிற மாதிரி. அந்த வெள்ளை வண்டியை அப்படி அடித்துக் கொடுத்தவளுக்குக் கண்ணில் என்ன குறை இருந்துவிட முடியும்?

கார்டு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள்

சோலைக்குக் காய்ச்சல், ஷெட்டுக்கு வரவில்லை. ஜபருல்லா பாயின் டிராவல்ஸ் வேனில் நாலு சக்கர வளைவும் இரண்டு பம்பரும் மேட் கேட்டிருக்கிறார். நாளை மறுநாள் கல்யாண வண்டியாகப் போகிறதாம். தனியாகவே தேய்த்துப் பிரைமர் அடித்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கருப்பும் மேட்டும் அடித்து முடித்தேன். ஆயிரத்து ஐந்நூறு எண்ணினேன். சோலைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. போன் செய்து, "அடிச்சுட்டீங்களா மதினி? பாய நாளைக்குச் சாயங்காலமா வரச் சொல்லுங்க, காலையில நான் வந்துருவேன்" என்றான். நிற்கவே முடியாதவன் வந்து என்ன செய்யப் போகிறான்? படு என்று சொன்னேன்.

பிப்ரவரி 21, புதன்

வேனைக் கொடுத்தாயிற்று. பாய் வராமல் டிரைவர் வந்து எடுத்துப் போனான்.

பிப்ரவரி 23, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

பாய் வேனைக் கொண்டுவந்து வாசலில் வெயிலில் நிறுத்தினார். கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "தங்கச்சி, ஒங்க வேலைன்னு நம்பி அனுப்பிச்சேன். இதப் பாருங்க, கோடு கோடா இருக்கு. இந்தா திட்டு. இந்தா இங்க ஒண்ணு. மாப்ள வீட்டுக்காரங்க எங்கிட்டயே கேட்டுட்டாக."

அவர் விரலை வைத்த இடத்தையெல்லாம் பார்த்தேன். கருப்பாக இருந்தது. அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வெயில்ல பாத்தா அப்படித்தான் பாய் தெரியும்."

"வேனு வெயில்லதானம்மா ஓடும்?"

நான் ஏதேதோ பேசினேன். உங்கள் டிரைவர் பாலிஷ் போட்டிருப்பான், பெட்ரோல் சிந்தியிருப்பான் என்று வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். சோலை இன்றுதான் எழுந்து வந்திருந்தான், முகம் வெளுத்து ஒரு சுற்று இளைத்திருந்தான். ஒரு தடவை குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, "மதினி மேல தப்பில்ல பாய். வண்டி அவசரம்னு நாந்தான் காயுறதுக்குள்ள ரெண்டாவது கோட்டிங் போடச் சொன்னேன். ஒரு மாசம் டயம் குடுங்க, திரும்ப அடிச்சுத் தாரோம்" என்றான்.

நான் வேனை அடித்த அன்றைக்கு அவன் ஷெட்டிலேயே இல்லை.

பிப்ரவரி 24, சனி

காலையில் பாய் வேனைத் திரும்ப எடுத்துப் போவதற்குள், அவர் காட்டின இடங்களை விரலால் தடவித் தேடினேன். விரலுக்கும் தெரியவில்லை. மினுக்கத்துக்கு ஏது மேடு பள்ளம், அது கண்ணுக்கு மட்டும்தானே.

பயமாக இருக்கிறது. கண் போனாலும் சமைப்பேன், நடப்பேன், எப்படியும் இருப்பேன். பெயிண்டராக இருக்க முடியாது. வேறு எதுவாகவும் இருக்க எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 26, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது முற்றிவிட்டதாம், முதலில் அதை எடுக்க வேண்டும். டாக்டர் ஹெப்சிபா திட்டவில்லை, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தக் கண்ண வச்சுக்கிட்டா என் வண்டிய அடிச்சீங்க?" நான் ஆமாம் என்றேன். "அதெப்படிம்மா?" என்றார். கைப்பழக்கம் என்று சொன்னேன். அவர் என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

மார்ச் 5, செவ்வாய்

இன்று வலது கண் ஆபரேஷன். கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒற்றைக் கண்ணில் எழுதுகிறேன், வரி எங்கே போகிறதோ தெரியாது. வலியில்லை. உள்ளே ஒரு பெரிய வெளிச்சமும் நிறங்களும் ஓடின. பேசக் கூடாது என்றார்கள், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அரை மணி நேரம் பேசாமல் இருந்தேன்.

மார்ச் 6, புதன்

கட்டை எடுத்தார்கள்.

எப்படி எழுதுவது? நர்ஸ் பெண்ணின் சேலை நீலம். எத்தனை நீலம் கலந்து அடித்தவள் நான், இந்த நீலத்தை எங்கே விட்டேன்? சுவர் வெள்ளையாக இருந்தது, உண்மையான வெள்ளை. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் வெள்ளை, வலதை மூடிக்கொண்டு பார்த்தால் டீத்தண்ணியில் நனைத்த வேட்டி. இதையா நான் இத்தனை நாள் வெள்ளை என்று சொல்லி வண்டிகளுக்கு நிறம் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்? ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக இருந்தது. மரத்தில் இலை இருக்கும் என்று தெரியும். இத்தனை இருக்கும் என்று மறந்தே போயிருந்தது. ஓர் இலை காற்றில் திரும்பி அதன் அடிப்பக்கம் தெரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்துக் கட்டில் பாட்டி என்னைப் பார்த்துவிட்டு அவரும் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று கேட்கவில்லை.

இந்த டைரியில் கோடு நன்றாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

மார்ச் 7, வியாழன்

வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அடுப்படி மூலையில் இவ்வளவு ஒட்டடையா என்று வெட்கமாக இருந்தது. என் கையின் மேல்தோலில் இவ்வளவு சுருக்கமா என்று அதைவிட வெட்கமாக இருந்தது.

ஷோகேஸில் அந்தக் கண்ணாடி மூடி இருந்தது. ஆசையாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

முதலில் வேறு எதையோ எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மேலிருந்து கீழாக வரி வரியாகக் கோடு. ஓரத்தில் இரண்டு இடத்தில் எண்ணெய் பட்ட மாதிரி மினுக்கம். நடுவில் ஒரு தூசி, அதற்கு மேலேயே கிளியர் விழுந்து கொப்புளமாக நிற்கிறது. வலது கண்ணை மூடினேன், எல்லாம் போய் அழகான ஒரே கருப்பு. திறந்தேன், மறுபடியும் கோடு. மூடி மூடித் திறந்து எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது.

டாக்டரின் வண்டிக்கு அடித்த அதே டப்பா, அதே மதியம், அதே கை. அந்த வண்டியில் டாக்டரே குனிந்து தடவிப் பார்த்தும் ஒரு கோடும் காணவில்லை.

அப்படியானால் அந்த வண்டி?

மார்ச் 9, சனி

தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கருப்புக் கண்ணாடியைப் போட்டு, அதற்கு மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு காலை ஐந்தரைக்கே ஆட்டோ பிடித்துப் போனேன். ரோட்டில் லாரி நடமாட்டம் தொடங்கவில்லை, தூசியும் எழவில்லை. ஷெட்டுக் கதவு பாதி திறந்திருந்தது, கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. கதவோரம் நின்றேன்.

சோலை எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். தரை நனைந்திருந்தது. எதிரே ஒரு பம்பர் தொங்கியது. அவன் கன்னை எடுத்தான். கப்பை இரண்டு தட்டுத் தட்டினான்.

அது என் தட்டு.

இடது கீழ் மூலையில் ஆரம்பித்தான். போன வரியின் பாதியை அடுத்த வரி மூடியது. வரி முடிகிற இடத்தில் மணிக்கட்டை லேசாக மேலே தூக்கினான், நான் தூக்குகிற மாதிரி. வளைவு வந்ததும் இடது காலை ஒரு சாண் முன்னே வைத்தான், அதுவும் நான்தான். இடுப்பில் கை வைத்துத் தலையைச் சாய்த்து நின்று பார்ப்பதுகூட நான். சுத்தியல் பிடிக்கிற ஓர் ஆம்பளையின் உடம்புக்குள் நான் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பம்பர் முழுக்கத் தண்ணீராய் மினுங்கி, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. ஓரத்திலிருந்து நடுவுக்கு அது வருவதை நான் தெளிவாகப் பார்த்தேன். எவ்வளவு நாள் ஆயிற்று அதைப் பார்த்து! பார்க்கிற பழக்கத்தில் பார்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடங்கி முடிகிற வரை காத்திருந்து, "எத்தன நாளாய்யா?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினான். கன்னை ஒளித்துவைக்க இடம் தேடின மாதிரி இருந்தது. பிறகு மேஜையில் வைத்தான்.

"போன ஆடியில இருந்து மதினி."

"எல்லா வண்டியுமா?"

"மேட்டு மட்டுந்தான். மத்ததுக்குப் பாலிஷ் போட்டா சரியாயிரும்."

"டாக்டர் வண்டி?"

தலையை ஆட்டினான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன். "என்னயப் பொம்ம மாதிரி நிக்க வச்சு வேடிக்க காட்டுனியா? ஊரெல்லாம் என் பேரச் சொல்லுச்சே, எல்லாம் ஒன் வேலையா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவ சொன்னேன் மதினி. கண்ணக் காமிங்கன்னேன். நீங்க ட்யூப்லைட்ட மாத்தச் சொன்னீங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"ஒங்களால முடியலன்னு வெளிப்படையாச் சொல்லியிருந்தா அன்னைக்கே கன்னக் கீழ வச்சிருப்பீங்க. ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? கண்ணு எப்பவாச்சும் சரியாயிரும். வச்ச கன்ன நீங்க திரும்ப எடுக்க மாட்டீங்க. அதான், கண்ணு சரியாகுற வரைக்கும் கை நிக்காம இருக்கட்டும்னு..."

"ஒனக்கு யாருய்யா மேட் அடிக்கச் சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பா? ஒங்களப் பாத்துக்கிட்டேதான நிக்கிறேன், பத்தொம்பது வருசமா."

ஆடியிலிருந்து மாசி வரை, எட்டு மாசம், ஒவ்வொரு விடியலும் வந்து என் வேலையை ஒரு சுவடில்லாமல் தேய்த்து எடுத்திருக்கிறான். அப்புறம் என் கையையே தன் கைமேல் போட்டுக்கொண்டு அடித்திருக்கிறான். ஒன்பது மணிக்கு நான் வந்து பெருமைப்படுவதைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்திருக்கிறான். டிங்கருக்கு என்ன தெரியும் என்று அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கோயிலுக்குள் நிற்பதுபோல என்று எழுதியிருக்கிறேனே, அன்றைக்கு அது பெயிண்டைப் பற்றி. இன்றைக்கு அவன் முன்னால் அப்படி நின்றேன். "கோட்டிங் நல்லா அடங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"நெசமாவா மதினி?" என்று கேட்டான், பரீட்சை எழுதினவன் மார்க் கேட்கிற மாதிரி.

மார்ச் 12, செவ்வாய்

நாக்பூரிலிருந்து இவர் பேசினார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ஒங்க தம்பி எப்படிப்பட்டவருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "ஏன், எதாச்சும் ஒடச்சுட்டானா?" என்றார். வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 8, திங்கள்

டாக்டர் பார்த்துவிட்டு, தூசி போகாதபடி கண்ணைச் சுற்றி மறைக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யலாம் என்றார். இடது கண் அடுத்த மாதம். அவருடைய வண்டியை அடித்தது நானில்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கே ஏதோ இருக்குன்னு நெனச்சேன். அந்தக் கண்ணால யாராலயும் அப்படி அடிக்க முடியாது" என்றார். பிறகு, "அவருக்கு வணக்கம் சொல்லுங்கம்மா" என்றார்.

ஜபருல்லா பாய் வேனை அனுப்பிவிட்டார். நான் அடித்த கோடெல்லாம் அப்படியே இருக்கிறது. இப்போது எனக்கும் தெரிகிறது.

ஏப்ரல் 10, புதன்

பாயின் வேனை நான்தான் அடிக்க வேண்டும் என்று நேற்றே சொல்லிவிட்டேன். சோலை சரி என்றான். ஆனால் காலையிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்தான். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இன்று தப்பு விழுந்தால் பழி போட இனி ஒன்றும் மிச்சமில்லை.

ஹார்டனரை நானே அளந்து ஊற்றினேன். பழைய கோட்டைத் தேய்த்துக் கருப்பு அடித்து வைத்திருந்த ஒரு சக்கர வளைவை மாட்டினேன். முதல் கோட்டிங் அடித்துவிட்டு எண்ணாமல் நின்றேன், பார்த்தேன். ஓரம் அடங்கியது, வளைவு அடங்கியது. நடுவில் ஒரு கையகலம் மட்டும் மினுங்கிக்கொண்டே நின்றது. பிறகு அதுவும் உள்ளே போனது. என் கண் முன்னால் போனது. வாய்விட்டு "ஐயோ" என்றேன். சோலை பதறி ஓடிவந்தான். ஒன்றுமில்லை, அழகாக இருக்கிறது என்றேன்.

இரண்டாவது கோட்டிங்கும் அடங்கிய பிறகு வளைவை வெயிலுக்கு எடுத்துப் போனேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மேலே சுத்தம், உள்பக்கம் சுத்தம். கீழே, கதவுப் பட்டையில் போய்ச் சேருகிற இடத்தில், நாலு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. லேசானதுதான், பாய்க்குத் தெரியாமல்கூடப் போகலாம். மணிக்கட்டை ஒரு நொடி முன்னால் தூக்கிவிட்டேன்.

நான் பார்ப்பதற்கு முன்பே சோலை பார்த்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இத்தனை மாதம் செய்த பழக்கத்தில் அவன் கை தானாகப் போய் வாட்டர் பேப்பரை எடுத்தது.

"இந்தா இருக்கு" என்று கோட்டின் மேல் விரலை வைத்தேன். "இங்க இருந்து இங்க வரைக்கும். தெரியுது சோலை, எனக்குத் தெரியுது!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் அடித்ததில் ஒரு குறையைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் யாரும் இருக்க மாட்டாள்.

அவன் பேப்பரை நனைக்கத் தண்ணீர் வாளியை இழுத்தான்.

"வையி கீழ" என்றேன். "அது எங் கோடு. நான் பாத்துக்கிறேன்."

வாளியைத் தள்ளி வைத்தான். பிறகு பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய், வாசல் நிழலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். முதுகைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. எட்டு மாசத் தூக்கம் அது. சத்தம் போட்டு எழுப்பிவிடக் கூடாதென்று கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, நான் என் கோட்டை மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தேன்.